கப்பல் வேலைக் கடிதமும் ஏழு இலக்க எண்ணும்

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் அண்மையில் கடிதம் ஒன்றைக் காட்டினார்கள். உயர்தரம் முடித்த மகனுக்குக் கப்பலில் வேலையாம். கப்பலின் பெயர், டொலரில் சம்பளம், நீல முத்திரை எல்லாம் இருந்தன. அடியில் 'ஒழுங்குபடுத்தும் கட்டணம்' என்று ஒரு பெருந்தொகை. தாயார் காப்பை அடகு வைக்க ஆயத்தமாக நின்றார். நான் ஒரு பென்சில் கேட்டேன்.

கடல் கடந்து ஓடும் வணிகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்கத்தில் ஒரு ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் உண்டு. பெயர், கொடி, சொந்தக்காரர் எது மாறினாலும் அது மாறாது. 9074729 என்ற எண்ணை எடுங்கள். முதல் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 139 வரும். அதன் கடைசி இலக்கம் 9. கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் 9. இப்படிப் பொருந்தாவிட்டால் அந்த எண் பொய். அந்த வீட்டுக் கடிதத்திலிருந்த எண் பொருந்தவில்லை.

பொருந்தினாலும் அவசரப்பட வேண்டாம். வேறொருவரின் கப்பல் எண்ணைக் கடிதத்தில் போடுவது பெரிய வித்தையல்ல. 'எக்குவாசிஸ்' என்ற இலவச இணையத்தளத்தில் பதிவுசெய்து எண்ணைக் கொடுத்தால், கப்பலை நடத்தும் நிறுவனம் எது, எந்தத் துறைமுகத்தில் என்ன குறை கண்டார்கள், எப்போது தடுத்து வைத்தார்கள் என்பதெல்லாம் வரும்.

நிறுவனத்தைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற, பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றும் கப்பல் முன்கதவு திறந்தபடியே போய்க் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் உறங்கிவிட்டார் என்பது பாதிக் கதைதான். கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கைக் கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். கரையிலிருந்த முகாமையாளர்கள் நையாண்டி செய்து தட்டிக்கழித்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் ஐ.எஸ்.எம். எனப்படும் சர்வதேசப் பாதுகாப்பு முகாமை விதிக்கோவை. 1998 ஜூலை 1 முதல் பயணிகள் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள் போன்றவற்றுக்கும், 2002 இலிருந்து 500 தொன்னுக்கு மேற்பட்ட ஏனைய சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. இதன்படி நிறுவனத்துக்கு ஒரு சான்றிதழ், கப்பலுக்கு வேறொன்று. மேலிடத்துடன் நேரே பேசக்கூடிய பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும்.

சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும், நடத்தைதான் வேறுபடும். கப்பல்களைச் சோதிப்பதில் ஐரோப்பியத் துறைமுகங்களை இணைக்கும் பாரிஸ் உடன்பாடு 2011 முதல் நிறுவனங்களை உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என்று தரம் பிரிக்கிறது. 36 மாதக் கணக்கு எடுக்கிறார்கள். சாதாரணக் குறைக்கு ஒரு புள்ளி, முகாமைக் குறைக்கு ஐந்து. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை உண்டு: துருப்பிடித்த கைப்பிடியை ஒரு நாளில் மாற்றலாம், பழுதை மறைக்கும் அலுவலகத்தை மாற்றுவது கடினம்.

இனிக் காசு. இலங்கை 2017 இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, வேலை எடுத்துத் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. வீசாச் செலவுகூட கப்பல்காரருடையது. முகவர் அனுமதி பெற்றவரா என்பதைக் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் கேளுங்கள்.

அதே சமவாயத்தின்படி, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு உங்கள் உரிமை. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் கைவிடப்பட்டவராகக் கொள்ளலாம்; நிலுவையில் நான்கு மாதச் சம்பளம் வரையும், ஊர் திரும்பும் செலவையும் காப்புறுதி தர வேண்டும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்க வேண்டும். ஏறிய அன்றே தேடுங்கள்.

அந்த வீட்டில் வலை பொத்திக்கொண்டிருந்த சித்தப்பா, "எங்கள் படகுக்கும் இந்த ஓய்வும் காப்புறுதியும் உண்டா?" என்று கேட்டார். இல்லை. மீன்பிடிக் கலங்களை இந்தச் சமவாயம் வெளியே விட்டுவிட்டது. அவை 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவர் மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.