சுவரைக் கொத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஐப்பசி மழை விட்ட மறுவாரம் ஒரு போன். "சார், ஹால் சுவர் கொட்டிக்கிட்டே இருக்கு. வார்னிஷ் ரெண்டு கோட்டு அடிச்சாச்சு, அப்பவும் நிக்கல" என்றார் ஒரு பெரியவர். "பூச்சை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ஆமா சார். கிராமத்து வீடு மாதிரி இருக்கட்டும்னு பசங்க ஆசைப்பட்டாங்க..."

இந்த வருஷத்தில் நான் போய்ப் பார்த்த நான்காவது சுவர் அது. நான்கு வீட்டிலும் அதே கதை: செங்கல் தெரியட்டும் என்று சுவர்ப் பூச்சைக் கொத்தி எடுத்திருந்தார்கள். எங்கோ பார்த்த ஒரு படம், ஒரு பிரேக்கர் மெஷின், இரண்டு நாள் கூலி. நான்கு பேரும் வேலை முடிந்த பிறகுதான் இன்ஜினியரைத் தேடினார்கள். அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன் செய்தவர் வீடு மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில். வீட்டுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவன், மனைவி இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். உள்ளே நுழைந்ததும் மனசு நிறைந்துபோனது. தேக்குப் பலகை ஊஞ்சல், மூலையில் பித்தளை அண்டா, தரையில் பத்தமடைப் பாய், ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி. தெருப்பக்கத்துச் சுவரை மட்டும் உள்ளும் புறமும் கொத்தி, செங்கல்லைக் காட்டியிருந்தார்கள். அந்தச் சுவரின் அடியில், கோலப்பொடி இழுத்த மாதிரி, நீளமாக ஒரு செம்பொடிக் கோடு. "காலையில பெருக்குறேன், சாயங்காலம் மறுபடி இவ்வளவு நிக்குது" என்று அந்த அம்மா முறத்தைக் காட்டினார். சுவரில் கைவைத்தேன். வார்னிஷ் படலம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கையோடு வந்தது. பின்னால் வெள்ளையாக உப்பு. இரண்டு கல்லுக்கு நடுவே விரலை வைத்து லேசாக இழுத்தேன், சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, வெறும் செம்மண்.

அந்தக் காலத்தில் சிற்றூர்களில் நிறைய வீடுகள் அப்படித்தான். மண்சாந்தில் கல்லை வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி முடிப்பார்கள். அந்தச் சுவர் ஐம்பது மழைக்காலம் நின்றதற்குக் காரணமே அந்தப் பூச்சுதான். அதைத்தான் இரண்டே நாளில் மூட்டை கட்டி வெளியே கொட்டியிருக்கிறார்கள்.

"பூச்சு அழகுக்குத்தானே சார்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள்கூட. இதை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேனோ தெரியாது, இன்னொரு முறையும் சொல்கிறேன். பூச்சு அழகுக்கு இல்லை. அது சுவருக்குச் சட்டை. வெயில், மழை, ஈரம், நாம் இடிக்கிற இடி எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் அந்த 12 மில்லிமீட்டரும் வெளியே இருக்கும் 15, 20 மில்லிமீட்டரும்தான். அது தேயலாம், வெடிக்கலாம். பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். செங்கல் தேய்ந்தால் சுவரே தேய்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பூசப்போகிற சுவருக்குக் கொத்தனார் கல்லைப் பொறுக்குவதில்லை. சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகாது. நடுவில் இருந்தது கணீரென்று இருக்கும், ஓரத்தில் இருந்தது அரைவேக்காடாக வரும். பூச்சு வேலை என்றால் இரண்டையும் கலந்துதான் கட்டுவார்கள். முனை உடைந்த கல், கோணல் கல், பாதிக் கல் எல்லாமே உள்ளே போகும். "பூசுனா மறைஞ்சிடும்ண்ணே" என்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, வேலையின் வழக்கம் அது. நல்ல செங்கல்லில் நகத்தால் கீறினால் தடம் விழாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தாலும் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். அந்த ஹாலில் என் நகம் பட்ட மூன்று கல்லில் இரண்டு மாவாக வந்தது.

அடுத்த தப்பு வார்னிஷ். கொட்டுகிறது என்றதும் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார், இவர்களும் அடித்துவிடுகிறார்கள். சுவருக்குள் ஈரம் இருக்கிறவரை அது வெளியே வரத்தான் பார்க்கும். வரும்போது கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைச் சேர்த்துக்கொண்டு வரும். வழியை அடைத்தால் உப்பு அந்தப் படலத்துக்குப் பின்னாலேயே கட்டியாகி, கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளிவிடும். வார்னிஷ் அடிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சுவர் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது எது தெரியுமா? இதையெல்லாம் "நம்ம கிராமத்து வீடு" என்ற பெயரில் செய்கிறார்கள். உங்கள் பாட்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். எந்தக் கிராமத்து வீட்டில் செங்கல்லைத் திறந்து போட்டிருந்தார்கள்? வெள்ளைச் சுவர், கீழே காவிப் பட்டை, வழவழவென்று மெழுகிய திண்ணை. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்களே, வெறும் பண்டிகைக் களைக்காக மட்டுமா? வருஷம் ஒருமுறை அந்தச் சட்டையைப் புதுப்பித்தார்கள். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுண்ணாம்பை அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தார்கள். கன்னத்தை வைத்தால் குளிரும் அந்தச் சுவர்.

படங்கள் வருகிற சீமையிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறேன் என்று பூச்சைச் சுரண்டி எடுத்து, கல்லைக் காட்டுகிற வழக்கம் பரவியபோது, வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் முதலானவர்கள் 1877இல் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். அதற்குச் செல்லப்பெயர் 'ஆன்ட்டி ஸ்கிரேப்', அதாவது சுரண்டாதே. என்னிடம் படம் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கதையைத் தவறாமல் சொல்கிறேன்.

"அப்போ லாரி பேக்கர் கட்டலையா?" என்று கேட்பார்கள். கேரளத்தில் பூசாத செங்கல் வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் அவர். கட்டினார், அற்புதமாகக் கட்டினார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டியவற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தே பேசலாம். அவர் செங்கல்லைத் திறந்து வைக்க வேண்டும் என்று முதல் கல்லிலேயே முடிவு செய்து கட்டினார். நல்ல கல், ஒழுங்கான இணைப்பு, மழை சுவரில் நேராக அடிக்காதபடி இறங்கிய கூரை. கல்லை நிமிர்த்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார், அதில் சுமார் கால்வாசிக் கல் மிச்சமாகும். உள்ளே இடைவெளி இருப்பதால் வெக்கையும் குறையும். புதிதாகக் கட்டுகிறீர்களா, தாராளமாக அப்படிக் கட்டுங்கள். அப்படி ஒரு வீடு கட்டித் தரச் சொன்னால் நான் சந்தோஷமாக வருவேன். பூசுவதற்கென்று கட்டிய சுவரை உரித்து அதே மாதிரி ஆக்க முடியாது.

சரி, அந்த வீட்டில் ஈரம் எங்கிருந்து வந்தது? வெளியே போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டியே செங்கல் வரப்பு கட்டி, மண் நிரப்பி, மல்லிகையும் துளசியும் வைத்திருக்கிறார்கள். அதுவும் கிராமத்துத் தோற்றத்துக்காகத்தான். ரோடு போடப் போட, வாசலையும் மண்ணடித்து உயர்த்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் இந்தப் பாத்தி. வீட்டுத் தரையைவிடப் பாத்தி மண் அரையடி மேலே நிற்கிறது. காலையும் மாலையும் தண்ணீர். செடிக்கு ஊற்றியதில் பாதியைச் சுவர் குடித்திருக்கிறது. செடிகள் தொட்டியில் இருக்கட்டும், அல்லது சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். பாத்தி மண் எப்போதும் வீட்டுத் தரைக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

அபார்ட்மெண்ட்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் சுவருக்குள் பெரும்பாலும் சிவப்புச் செங்கல்லே இருக்காது. சாம்பல் நிற ஃபிளைஆஷ் கல்லோ, சோப்புக் கட்டி மாதிரி வெள்ளை பிளாக்கோதான் இருக்கும். நாலரை இஞ்ச் சுவரில் பிரேக்கர் வைத்தால் கல்லே ஆடிவிடும். பூச்சுக்குள் கரண்ட் பைப் ஓடுகிறது என்பதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தயவுசெய்து கொத்தாதீர்கள். செங்கல் தோற்றம்தான் வேண்டும் என்றால், உண்மையான சுட்ட மண்ணில் மெல்லிய கல் பட்டைகள் கிடைக்கின்றன. உலர்ந்த, நல்ல பூச்சின் மேல் டைல் மாதிரி ஒட்டிக்கொள்ளலாம்.

தனி வீட்டுக்காரர்கள், ஆசையை அடக்கவே முடியவில்லை என்றால், பீரோவுக்குப் பின்னால் ஓரடிக்கு ஓரடி மட்டும் கையுளியால் எடுத்துப் பாருங்கள். கல் என்ன, சாந்து என்ன என்று தெரிந்துவிடும். ஒரு மழைக்காலம் அப்படியே விடுங்கள். பொடி விழாமல், உப்புப் பூக்காமல் இருந்தால் அப்புறம் கூப்பிடுங்கள், பேசலாம்.

கதவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு முக்கியம். பழைய கதவு, ஜன்னல், பெட்டி வாங்கி, பெயிண்டை அங்கங்கே தேய்த்து, பழமையாகக் காட்டுவது இப்போது பரவியிருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி வீட்டுப் பெயிண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டை வீட்டுக்குள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அந்தத் தூசி தரையில் படியும். தவழும் பிள்ளையின் கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அந்த வேலையை வெளியே வைத்து, நனைத்துத் தேய்க்கிற ஆளிடம் கொடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வரக் கூடாது. வாங்கும்போதே மரத்தைத் தட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டையும், கீழே மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் அது உளுத்த மரம், மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

தரையில் ஆத்தங்குடிக் கல் (காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூ வேலை டைல்) பதித்தவர்கள் ஆசிட் ஊற்றவே கூடாது. அது சுடாத கல், கண்ணாடி மேல் சிமெண்டும் நிறமும் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தியது. ஆசிட் பட்டால் நிறம் போய்விடும், திரும்பி வராது. வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும், கால் படப்படப் பளபளப்பு ஏறும்.

மொட்டை மாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு சீரியல் விளக்கு சுற்றுகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம், அங்கே மேலே இருந்தது கீற்றுக் கூரை. வேண்டாம். நாட்டு ஓடு போடுங்கள்.

அந்த ஆசிரியர் வீட்டுக்கு வருகிறேன். பாத்தியை எடுத்தாயிற்று. வார்னிஷைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாங்கி வெளியே கொட்டச் சொன்னேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். வாசல் பக்கத்தை மழை அடிக்காமல் இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டி மறைத்திருக்கிறோம், காற்றுப் போக இடம் விட்டு. மூன்று மாசமாவது சுவர் காய வேண்டும். அதற்கு அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்ட் இல்லை. "மறுபடி வெள்ளைச் சுவர்தானா?" என்று பெரியவருக்குக் கொஞ்சம் ஏக்கம்தான். ஆனால் அந்த அம்மா, "எங்க அம்மா வீட்டுல காவிப் பட்டை அடிப்பாங்க சார், அது மாதிரி வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். மாசி கடைசியில் போய் ஈரம் பார்த்துவிட்டு, பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.