மஞ்சள் காமாலையை வெயில் தீர்க்காது

நேற்றும் ஒரு குழந்தை. பிறந்து ஆறாம் நாள், கண் வெள்ளையெல்லாம் மஞ்சள், பாலுக்கு எழுப்பினாலும் எழவில்லை. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் பார்க்கச் சொன்ன நாள் எப்போதோ கடந்துவிட்டது. "தினம் காலையில தாழ்வாரத்துல வெயில் காட்டினோம் மிஸ்ஸி, நிறம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார் பாட்டி.

மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியை உடம்பு வெளியேற்றும்படி மாற்றும் நீல ஒளி வெயிலில் இருப்பது உண்மைதான். ஆனால் சட்டை, கையுறை, தொப்பி போட்ட குழந்தையின் முகத்தில் பத்து நிமிடம் விழும் வெளிச்சம் எதற்கும் காணாது. மருத்துவமனையில் டயப்பர் மட்டும் விட்டு, கண்ணை மறைத்து, உடம்பு முழுக்க மணிக்கணக்கில் அந்த ஒளியைக் கொடுக்கிறோம். வெயிலில் அதைச் செய்யப் போனால் பிஞ்சுத் தோல் வெந்துவிடும், உடம்பில் நீர் வற்றும். நீர் வற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும்.

உடனே சிலர் கைப்பேசியை நீட்டி, "நைஜீரியாவில் வெயிலிலேயே குணமாக்கினார்களே" என்கிறார்கள். 2015இல் வெளிவந்த அந்த லேகோஸ் ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அங்கே குழந்தைகளைப் படுக்க வைத்தது, புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலம் வேய்ந்த பந்தலுக்குள். உடம்புச் சூட்டை விடாமல் அளந்தார்கள், பிலிருபினையும் பார்த்தார்கள். கருவியும் மின்சாரமும் கிடைக்காத இடங்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் தாழ்வாரத்தில் அந்தப் படலம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. ஒளி சிகிச்சை தொடங்கும் அளவை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் சற்று உயர்த்தியது. "அப்போ கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை மணி நேரம் என்று பார்த்துத்தான் அந்த அளவையே முடிவு செய்வார்கள். அளக்காமல் ஒன்றும் தெரியாது. தாதியரான எங்களாலேயே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மாநிறக் குழந்தைகளிடம் இன்னும் சிரமம். அளவு மீறிப் பிலிருபின் மூளைக்குப் போய்விட்டால் காது கேட்காமல் போகலாம், கை கால் இயக்கம் கெடலாம். போனது திரும்பாது.

சிங்கப்பூரில் 1965 முதலே தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாட்டை, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்பதைச் சோதிக்கிறார்கள். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருந்தால் அந்துருண்டை வீட்டுக்குள்ளேயே வேண்டாம், அதன் வாடையால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறலாம். தூளி கட்ட அலமாரியிலிருந்து எடுக்கும் பழைய புடவையை முகர்ந்து பாருங்கள் பாட்டி. அந்த வாசனை இருந்தால் வேறு துணி எடுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுங்கள். சொன்ன தேதிக்கு வாருங்கள், மழையானாலும் விருந்தாளி வந்தாலும். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்காமல் கிடந்தாலோ, கீச்சென்ற குரலில் அழுதாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையா? டயப்பரைத் திறந்து மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும், அதனால் அந்த டயப்பரையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.