ஆளிச் செடியும் மழையும்

கீழமாசி வீதியில் நூறு கிராம் ஆளி விதை வாங்கினேன். பாதி பொடியானது; மீதியைத் தை மாதம் மொட்டைமாடித் தொட்டிகளில் தூவினேன். மதுரைப் பக்கம் யாரும் ஆளி போட்டு நான் பார்த்ததில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார் பக்கம் எண்ணெய்க்காகப் பயிரிடுகிறார்கள், அதுவும் குளிர்காலத்தில். அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் தூவிவிடுவதும் உண்டு, நம் ஊரில் உளுந்து தெளிப்பதைப் போல.

இதே இனச் செடியின் தண்டிலிருந்துதான் லினன் துணி வருகிறது. நாருக்கென்று வளர்க்கும் ரகம் ஒரு மீட்டர் உயரம் போகும். என் செடிகள் முழங்காலோடு நின்றுவிட்டன. பூ நல்ல நீலம். காலையில் விரிந்து மதியத்துக்குள் இதழைக் கொட்டிவிடும்.

பங்குனிக் கடைசியில் ஒரு கோடை மழை, கூடவே காற்று. விடிந்து பார்த்தால் பாதிச் செடிகள் படுத்துவிட்டன. ஈர்க்குச்சி பருமன் தண்டு, நனைந்த காய்களின் பாரத்தை எப்படித் தாங்கும்?

வளரும் தண்டை ஒடித்துப் பார்த்தால் விஷயம் புரியும். நுனிப்பக்கம் பச்சை பீன்ஸ் மாதிரி சட்டென்று முறியும். கொஞ்சம் கீழே வந்தால் முறியாமல் நார் இழுத்துப் பிடிக்கும். காரணம், நார் செல் முதலில் நீளமாக மட்டும் வளர்கிறது, அப்புறம்தான் உள்ளே நாருக்கு வலு தரும் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து சுவர் தடிக்கிறது. மழையும் யூரியாவும் சேர்ந்து செடியை மடமடவென்று உயர்த்தினால் தண்டு பலம் பிடிக்குமுன் சாய்ந்துவிடும். சாய்ந்த செடி நுனியை மறுபடி மேலே திருப்பும்; தண்டு வளைந்துபோகும்.

வடக்கு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மார்ச், ஏப்ரலில் விதைத்து சுமார் 100 நாளில் எடுத்துவிடுகிறார்கள். அறுப்பதில்லை, நாரின் முழு நீளமும் வேண்டுமென்று வேரோடு பிடுங்குகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதுவரை எதிரியாக இருந்த மழை அதன்பின் வேலைக்காரனாகிவிடும்.

நார்க்கற்றைகள் தண்டின் தோலுக்கு அடியில், நடுவிலிருக்கும் குச்சியைச் சுற்றி, பெக்டின் என்ற பசையால் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடுங்கிய செடிகளை வயலிலேயே பரப்பிவிட்டால் பனியிலும் மழையிலும் நனைந்து பூஞ்சை பிடிக்கும். அது பெக்டினைத் தின்றுவிடும், நார் கழன்றுவரும். மழையே இல்லையென்றால் வேலை நின்றுபோகும். விடாமல் பெய்தாலோ பூஞ்சை செல்லுலோஸிலும் கைவைத்து நாரை இற்றுப்போகச் செய்யும். அதனால்தான் விவசாயி செடிகளைப் புரட்டிப் போடுவதும், ஒரு தண்டை ஒடித்து நார் குச்சியை விட்டுப் பிரிகிறதா என்று பார்ப்பதும். எல்லாத் திறமையும் எந்த நாளில் சுருட்டுவது என்பதில்தான் இருக்கிறது.

சரி, மதுரையில்? மாடியில் பரப்பியதை வெயில் இரண்டே நாளில் அப்பளமாக்கிவிட்டது, பூஞ்சைக்கு நேரமே கிடைக்கவில்லை. அடுத்த வழி, தண்ணீரில் முக்குவது. ஒருகாலத்தில் பெல்ஜியத்தின் கோர்ட்ரேக் நகரில் லெய்யே ஆற்றில் கட்டுக்கட்டாக அமிழ்த்தி வைத்தார்கள். கண்மாயில் கற்றாழை மடலை ஊறப்போடுவது போலத்தான். அங்கே வேலை பார்ப்பது காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா. நாற்றமும் அவற்றின் கைங்கரியமே.

இரண்டு கட்டுகளை வாளியில் போட்டேன். மூன்றாம் நாள் நுரை கட்டியது. "மாடியில ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" என்று கீழிருந்து குரல் வந்தது. ஐந்தாம் நாள் ஒரு கட்டை எடுத்துக் காயவைத்து நசுக்கினேன். குச்சி பொடிப்பொடியாக உதிர்ந்து, வைக்கோல் நிறத்தில் மினுமினுவென்று நார் நின்றது. வாளியில் மறந்துவிட்ட இன்னொரு கட்டு இரண்டு வாரத்தில் கூழாகிவிட்டது.

தேறிய நாரைத் தெருமுனைப் பூக்கார அக்காவிடம் கொடுத்தேன். பருத்தியைப் போல இதுவும் நனைந்தால் பலம் கூடும். அவர் வாழை நாரை நனைப்பது போலவே நனைத்து, ஒரு சாண் மல்லிகை கட்டிப் பார்த்தார். அறவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா விரல அறுக்குதே" என்றார்.