கேட்கும் திறனைச் சோதித்தால் மட்டும் போதாது

செவித்திறன் பரிசோதனைக்கு வரும் பெற்றோரிடம், "குழந்தைக்குக் கழுத்து எப்போது நின்றது? எப்போது உட்கார்ந்தான்?" என்று கேட்பது என் வழக்கம். காதுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் திகைக்கிறார்கள். உட்செவியில், ஒலியை உணரும் காக்ளியாவை ஒட்டியே சமநிலை உறுப்புகளும் இருக்கின்றன. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. இரண்டு சிறிய பைகள் தலை சாய்வதையும் உடல் நகர்வதையும் உணர்கின்றன. இந்த உணர்வு குறைந்தால், கழுத்து நிற்பதும் உட்காருவதும் தாமதமாகலாம்.

கர்ப்பகாலத்தில் தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும் சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி., கேட்கும் திறன், சமநிலை இரண்டையுமே பாதிக்கக்கூடியது. பிறவித் தொற்றுகளில் உலகிலேயே மிகப் பரவலானது இதுதான். தொற்றுள்ள குழந்தைகளில் 85 முதல் 90 சதவீதம் பேருக்குப் பிறக்கும்போது எந்த அறிகுறியும் இருப்பதில்லை. முதல் செவித்திறன் சோதனையில் தேறிய குழந்தைக்குக்கூட, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கேட்கும் திறன் குறையலாம். அதனால்தான் குறைந்தது ஆறு வயதுவரை திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம்.

சமநிலைக் குறைபாடோ பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. குழந்தை நடக்கத் தாமதமானால், "இவன் அப்பாவும் இரண்டு வயதில்தான் நடந்தான்" என்று பாட்டி ஆறுதல் சொல்லிவிடுவார். குழந்தையும் தலைசுற்றுகிறது என்று சொல்லாது. இரு காதுகளிலும் பிறவியிலேயே சமநிலை உணர்வு இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் தலைசுற்றலே இருக்காது. நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்காதது, ஒன்பது மாதத்திலும் தனியே உட்காராதது, ஒன்றரை வயதிலும் நடக்காதது ஆகியவற்றைச் சாதாரணமாக விடாதீர்கள். வளர்ந்த குழந்தையானால், மின்சாரம் போனதும் தடுமாறுகிறதா, கடற்கரை மணலிலும் மெத்தையிலும் அடிக்கடி விழுகிறதா, கண்ணை மூடினால் ஒற்றைக் காலில் நிற்கவே முடியவில்லையா என்று கவனியுங்கள்.

இதே வைரஸ் மூளையையும் பாதிக்கலாம் என்பதால், தாமதத்துக்குக் காரணம் காதுதான் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். குழந்தை நரம்பியல் மருத்துவரும் பார்க்க வேண்டும்.

சமநிலைச் சோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. கழுத்துத் தசையில் மின்முனைகளை ஒட்டி, காதுக்கு ஒலியோ அதிர்வோ கொடுத்து, தசை அதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பதிவுசெய்வோம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், பிறவியிலேயே செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாத வயதில் இந்தச் சோதனையைச் செய்யும் திட்டம் 2018இல் தொடங்கியது. நம் ஊரிலும் அப்படி ஒரு வழக்கம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முக்கியமாக, கேட்க உதவும் கருவியை உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சைக்கு முன் இரு காதுகளின் சமநிலையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த அறுவைச் சிகிச்சையே சிலருக்குச் சமநிலையைக் குறைத்துவிடும்.

தொற்று பிறவியிலேயே வந்ததா என்று உறுதிசெய்ய, பிறந்த 21 நாட்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். அதன் பிறகு தொற்று தெரிந்தாலும், பிறந்தபின் தாய்ப்பால் வழியாக வந்திருக்கலாம் என்ற ஐயம் வந்துவிடும். ஆகவே முதல் செவித்திறன் சோதனையில் தேறாத சிசுவுக்கு, மறுசோதனைத் தேதிக்குக் காத்திராமல் சி.எம்.வி. சோதனையையும் உடனே கேளுங்கள்.

"நான் என்ன தப்பு செய்தேன்?" என்று அழும் தாய்மாரிடம் நான் சொல்வது, ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான். நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே இந்த வைரஸ் வந்து உடலில் தங்கிவிடுகிறது. கர்ப்பத்தில் அது மீண்டும் தலையெடுக்கலாம். கர்ப்பிணிகள் செய்யக்கூடியது, சின்னக் குழந்தையின் எச்சில் சோற்றைச் சாப்பிடாமல் இருப்பதும், டயப்பர் மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான்.

இழந்த சமநிலை உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் கண்ணையும் பாதத்தின் உணர்வையும் வைத்துச் சமாளிக்க மூளை கற்றுக்கொள்கிறது. அதற்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் சீக்கிரமே போங்கள். வீட்டில் இரவு விளக்கு எரியட்டும். நீச்சலில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. தண்ணீருக்குள் இந்தக் குழந்தைகளுக்கு மேலே எது, கீழே எது என்றே தெரியாமல் போகலாம். கிணறு, குளம், கடல் எதுவானாலும், கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் இறங்கவிடாதீர்கள். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமும் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.