அந்த ஜிப் பையைத் திறந்துவிடுங்கள்

இந்த மழைப் பருவத்தில் என் மேசைக்கு வந்த மூன்றாவது கட்டி இது. கட்டி என்பதைத் தவிர வேறு பெயர் தெரியவில்லை. ஒரு ஜிப் பை. உள்ளே பொம்மை ரோபோக்களின் உதிரிகள்: ஆறு சிவப்பு ஏவுகணைகள், ஒரு வாள், மென்வினைல் இறக்கைகள், கறுப்பு ரப்பர் சக்கரங்கள், ஒற்றை முஷ்டி. எல்லாம் பாகு அதிகமாகிப்போன பொரி உருண்டையைப் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பையைத் திறந்ததும் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியின் வாசனை வந்தது. அந்துருண்டை. அப்போதே எனக்குப் பாதிக் கதை புரிந்துவிட்டது.

கொண்டுவந்தவர் அறுபதை நெருங்குகிறவர். சிறுவனாக இருந்தபோது வாங்கிக் கொடுக்கப்பட்ட மூன்று ரோபோக்களின் உதிரிகள் இவை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தந்தப் பெட்டியில் தனித்தனியே கிடந்திருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் "பத்திரமாக வைப்பது எப்படி" என்று சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, பூச்சி வராமலிருக்க இரண்டு உருண்டைகளையும் போட்டுச் சுவரலமாரியில் வைத்திருக்கிறார். "காற்றே புகாமல்தான் வைத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "டோக்கியோ கோடைக்காலம் இப்போதெல்லாம் கொடுமை, வெயிலில் உருகிவிட்டதா?" என்று கேட்டார்.

உருகவில்லை ஐயா. கரைந்துவிட்டது. வெயில் அந்த வேலையை விரைவாக்கியிருக்கும், அவ்வளவுதான்.

பழைய ஜப்பானிய ரோபோ பொம்மைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். உடலை விட உதிரிகளோடுதான் என் நேரம் அதிகம் கழிகிறது. காரணம் எளிது. 1973இல் பாப்பி நிறுவனம் ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் ஜம்போ மஷிண்டர் வரிசையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, உலோக வார்ப்பில் சோகோகின் வரிசை வந்தது. இரண்டிலும் முதலில் நின்றவன் மாஜிங்கர் இஸட் என்ற கார்ட்டூன் ரோபோ. அவன் புகழே கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கும் முஷ்டிதான். பொம்மையிலும் பொத்தானை அழுத்தினால் முஷ்டி பறக்கும். பறந்தது சோபாவுக்கு அடியில் போகும். அங்கிருந்து குப்பைக்குப் போகும். ஆகவே இன்று ரோபோ கிடைக்கிறது, முஷ்டி கிடைப்பதில்லை. ஜம்போவுக்கு மாற்றிப் பொருத்தும் ஆயுதக் கைகள் தனித் தொகுப்பாகவும் விற்றன. அவற்றின் நிலை இன்னும் மோசம். தக்காரா நிறுவனத்தின் டயாக்ளோன் வரிசையில், ரோபோவாக உருமாறும் வண்டிகளோடு வந்த, காலில் காந்தம் பதித்த குட்டி ஓட்டுநர் பொம்மைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதே வண்டிகள் 1984இல் அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் இறங்கியபோது ஓட்டுநர்கள் கழற்றிவிடப்பட்டார்கள். இப்போது அவர்களைத் தேடித்தான் உலகமெங்கும் அலைகிறார்கள்.

இவ்வளவு அலைந்து, விலை கொடுத்து வாங்கி, கடைசியில் ஒரே பையில் கொட்டிவைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

"காற்றுப் புகாவிட்டால் பத்திரம்" என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முறுக்கு டின்னிலிருந்து வந்தது. முறுக்குக்குப் பகை வெளியே இருக்கிறது: ஈரக்காற்று, எறும்பு, வீட்டுக் குழந்தைகள். மூடினால் தப்பிக்கும். பிளாஸ்டிக்கின் பகை பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானியர் சோஃபுபி என்று செல்லமாகச் சொல்லும் மென்வினைலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இயல்பில் விறைப்பான பிவிசி. எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைக் கலந்துதான் அதை வளைய வைக்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த எண்ணெயாகவே இருக்கலாம். அது வினைலோடு வேதியியல் கட்டு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை; சும்மா தங்கியிருக்கிறது. ஆண்டுகள் போகப்போக மெல்ல மேற்பரப்புக்கு வரும். பழைய வினைல் பொம்மை கையில் பிசுபிசுப்பது அதனால்தான். பஜ்ஜி சுற்றிய காகிதத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காகிதம் எண்ணெயைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். பக்கத்தில் இருப்பது பாலிஸ்டைரீன் என்ற கடின பிளாஸ்டிக்கில் செய்த ஏவுகணையாக இருந்தால் அந்த எண்ணெய்க்கு அது இளகிக்கொடுக்கும். முதலில் பளபளப்பு போகும், பிறகு பள்ளம் விழும், பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். பழைய பெட்டிகளின் தெர்மோகோல் தட்டும் பாலிஸ்டைரீன்தான். மென்வினைல் பாகம் பட்ட இடத்தில் அதன் அச்சு அப்படியே குழிந்திருப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

அதோடு அந்துருண்டை வேறு! துணிப் பூச்சிக்கு எமன், பாலிஸ்டைரீனுக்கும் எமன். உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போகிறதே, அது எங்கே போகிறது என்று யாராவது யோசித்ததுண்டா? ஆவியாகிப் பைக்குள்ளேயே நிற்கிறது. திறந்த அலமாரியில் அந்த ஆவி கலைந்துபோக வழியுண்டு. காற்றை வெளியேற்றி இறுக மூடிய பையில், வாழைத்தாரை மூட்டம் போட்ட குழியைப் போலத்தான். தார் விடும் வாயுவே தாரைப் பழுக்க வைக்கிறது. குழியை மூடுவதே அந்த வாயு தப்பாமல் இருப்பதற்காக. நீங்கள் ஏவுகணைகளுக்கு மூட்டம் போட்டிருக்கிறீர்கள், ஐயா. இங்கே ஜப்பானில் கடைகளில் விற்கும் பாராடைகுளோரோபென்சீன் என்ற பூச்சி மருந்து உறைகளின் பின்பக்கத்தில் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கோடு சேர்க்காதீர்கள் என்று அச்சிட்டே இருக்கிறார்கள். யாரும் உறையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஏவுகணையைப் பூச்சி தின்னாது. அதற்கு மருந்தே வேண்டாம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் துறை நண்பர்கள் பிடித்துக்கொள்வார்கள். மென்வினைலை மட்டும் தனியாக, எண்ணெயை உறிஞ்சாத கண்ணாடிப் பாத்திரத்தில் மூடிவைத்தால் அதன் ஆயுள் கூடுகிறது. மென்மையாக்கி வெளியேறும் வேகம் குறைகிறது. அருங்காட்சியகங்களில் பிளாஸ்டிக்கைப் பேணுகிறவர்கள் இதைச் சோதித்தே சொல்கிறார்கள். ஆகவே மூடியதற்காக நான் யாரையும் திட்டவில்லை. எதை எதோடு சேர்த்து மூடினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிரிப்பது பெரிய வேலை இல்லை. வளைவதெல்லாம் ஒரு பக்கம், வளையாததெல்லாம் இன்னொரு பக்கம். ரப்பர் சக்கரத்தையும் சங்கிலிப் பட்டையையும் வளையும் பக்கத்தில் சேருங்கள். சக்கரத்தைக் கழற்ற வராவிட்டால், ரப்பருக்கும் கடின பிளாஸ்டிக்குக்கும் இடையே பாலியெஸ்டர் படலத்தின் சிறு துண்டைச் செருகிவையுங்கள். உலோகம் தனி, நைந்துவரும் பிவிசி விடும் அமில ஆவி துத்தநாக வார்ப்பையும் சுருள்வில்லையும் சும்மா விடாது. குரோம் பூச்சுள்ள பாகத்தைத் தனியே மெல்லிய காகிதத்தில் சுற்றுங்கள், துடைக்கவே துடைக்காதீர்கள். அந்தப் பூச்சின் தடிமன் நீங்கள் நினைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கடின பாகங்களுக்குப் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பைகள் போதும், பாகத்துக்கு ஒன்று. பளபளவென்று வளையும் பிவிசி உறைகள் வேண்டவே வேண்டாம். ஏவுகணையைப் பாய்ச்சும் சுருள்வில்லை இழுத்துப் பூட்டிய நிலையில் வைக்காதீர்கள். கொக்கி தேயும், வில் சோரும். நக வண்ணம் நீக்கும் திரவம் கொண்டு கறை துடைத்தவர் ஒருவரும் இந்த ஆண்டு வந்தார். அவர் கொண்டுவந்த ரோபோ முகத்துக்கு இப்போது மூக்கு இல்லை. மஞ்சளித்த பாகத்தைப் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்யும் வித்தையையும் விட்டுவிடுங்கள். மஞ்சள் திரும்பி வரும். பாகம் அதற்குள் நொறுங்குபதமாகியிருக்கவும் கூடும்.

ஏவுகணைகள் இன்னும் வார்ப்புச் சட்டத்திலேயே, காம்பில் காய் தொங்குவதைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து வெட்டாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான். போன ஆண்டு ஒருவர் எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அன்போடு எட்டையும் வெட்டி, நுனிகளை உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவந்தார். நான் தேநீர் போடப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிரதிகளைப் பற்றியும் நாலு வரி. காணாமல்போன முஷ்டிக்குப் பதிலாக ரெசின் என்ற செயற்கைப் பிசின் வார்ப்பில் பிரதி செய்வது தவறில்லை. நானே செய்கிறேன், பொருத்தும் தண்டின் உள்பக்கத்தில் பிரதி என்று முத்திரையிட்டுத்தான் கொடுக்கிறேன். முத்திரையில்லாமல், லேசாக அழுக்கேற்றி அசலின் விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். "பழசாகத் தெரிகிறதே" என்பது சான்று ஆகாது. அழுக்கை யார் வேண்டுமானாலும் பூசலாம். அசலில் ஊசிவார்ப்பின் தடயங்களைத் தேடுங்கள்: பாகத்தை அச்சிலிருந்து தள்ளிய கம்பியின் வட்டத் தழும்பு, பிளாஸ்டிக் நுழைந்த வாயின் வெட்டு, கூரான எழுத்துகள். பிரதியில் எழுத்து மழுங்கியிருக்கும், பூதக்கண்ணாடியில் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும், அசலோடு வைத்து அளந்தால் பெரும்பாலும் ஒரு பொடி சிறியதாக இருக்கும். பாலிஎத்திலீன் பாகம் தண்ணீரில் மிதக்கும், பிசின் மூழ்கும். ஸ்டிக்கர் ஒட்டிய பாகத்தை மட்டும் தண்ணீரில் போட்டுச் சோதித்துவிடாதீர்கள், இதையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பறக்கும் பாகங்கள் விளையாட்டுக்குச் செய்யப்பட்டவைதான், ஆனால் இன்றைய விதிகளுக்கு முன்பு செய்யப்பட்டவை. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் பொம்மை விண்கலத்தின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்த பிறகுதான் அங்கே ஏவுகணைகளைப் பறக்காதபடி இறுக்கினார்கள், வில்லின் விசையைக் குறைத்தார்கள். ஜப்பானியப் பதிப்பு விசையோடு பாயும், அமெரிக்கப் பதிப்பு சோம்பலாக நழுவி விழும் என்ற வேறுபாட்டுக்குப் பின்னால் இருப்பது இதுதான். பேரனிடம் காட்டுங்கள், ரசிக்கட்டும். கையில் கொடுக்காதீர்கள்.

அறுபதை நெருங்கும் அந்த அன்பரின் கட்டியில் ஒரே ஒரு பாகத்தை முழுதாக மீட்டேன்: அந்த முஷ்டியை. அது பாலிஎத்திலீன். எண்ணெயும் ஆவியும் அதை ஒன்றும் செய்யவில்லை. மேலே ஒட்டியிருந்த சிவப்புச் சேற்றை மரக்குச்சியால் உரித்தேன். வாளும் ஏவுகணைகளும் திரும்பாது. அவர் முஷ்டியை வெகுநேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பையை மட்டும் நான் கொடுக்கவில்லை.

உங்களுடையதும் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், சுடுநீரில் போடாதீர்கள். இருக்கிறபடியே ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒட்டாமல் இருப்பவற்றை இன்றிரவே பிரித்துவிடுங்கள். பிரித்ததைக் கட்டி வைக்கிறேன் என்று தயவுசெய்து ரப்பர் பேண்டு போடாதீர்கள்.