எந்த ஊர் என்பதற்கு முன்னால் எந்த மாதம்

கும்பகோணத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் போனில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, கூட்டமில்லாத இடமா ரெண்டு சொல்லுங்க, யாரும் போகாத இடமா இருக்கணும்." நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்கிறேன்: "எந்த மாசம் வர்றீங்க?"

மலைப் பக்கத்துக்குப் போனால் வெயிலா குளிரா என்று பார்த்தால் போதும். எங்கள் காவிரி டெல்டாவில் அப்படியில்லை. இங்கே ஆண்டின் கணக்கைத் தண்ணீர்தான் வைத்திருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கும், ஜனவரி 28இல் மூடும். நடுவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அணையில் இருப்பு இல்லாத வருடங்களில் இந்தத் தேதியும் தள்ளிப்போகும். இதைப் பார்க்காமல் ஊரை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறவர்கள், மே மாதத்தில் வடுவூர் ஏரிக்கரையில் நின்று "பறவை எங்கே?" என்று கேட்கிறார்கள். அது மேட்டூர் தண்ணீர் வந்து நிரம்புகிற ஏரி. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததைப் படித்துவிட்டு வருகிறார்கள். பட்டியல் பறவையைக் கொண்டுவராது, தண்ணீர்தான் கொண்டுவரும். டிசம்பர், ஜனவரியில் அதே கரையில் நின்றால் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது.

ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் என்றால் நான் முதலில் சொல்வது கோடியக்கரை. வெளிமான்களும் பூநாரைகளும் ஒரே நாளில் கண்ணில் படக்கூடிய இடம் தமிழ்நாட்டில் வேறு எனக்குத் தெரியாது. 1967இல் சரணாலயமானது. நவம்பர் 2018இல் கஜா புயல் இந்தப் பக்கமாகத்தான் கரை ஏறியது, காட்டில் சாய்ந்த மரங்கள் கொஞ்சமல்ல. காலையில் சீக்கிரம், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு போக வேண்டும். உச்சி வெயிலில் மான் நிழலில் படுத்துவிடும். நீங்கள் ஜீப்பில் வெந்துகொண்டிருப்பீர்கள். வனத்துறை அனுமதி வாங்காமல் உள்ளே போக முடியாது. டிரோன் கொண்டுவருகிற தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அதைப் பையை விட்டு எடுக்காதீர்கள். பூநாரைக் கூட்டம் ஒருமுறை கலைந்தால் அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் வருகிற எல்லாருக்கும் வெறும் சேறுதான் மிஞ்சும்.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமே லீவு என்றால் வருத்தப்பட வேண்டாம். வேதாரண்யம் உப்பளங்களுக்கு அதுதான் காலம். வெயில் ஏற ஏற உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவியும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். அகத்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறாமல், விடியற்காலையில் அனுமதி கேட்டுக்கொண்டு உப்பளத்து வரப்பில் நடந்து பாருங்கள். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிற ஒருவருக்கு உங்கள் ரீல்ஸில் நடிக்க நேரமில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம் என்பேன். ஆறுகள் கடலில் சேருகிற காயல் அது. ஜாம்புவானோடைப் பக்கமிருந்து படகில் போனால், சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சுவேர்களைப் பக்கத்தில் பார்க்கலாம். மண்ணுக்குள் காற்று கிடைக்காததால் மரம் வேரை வெளியே அனுப்பி மூச்சு விடுகிறது. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு வாருங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில், யார் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஏறாதீர்கள்.

தரங்கம்பாடிக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை, புயல் எச்சரிக்கை மட்டும் இல்லாமல் இருந்தால் சரி. 1620இல் டேனியர்கள் ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கட்டிய கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அடக்கமான புதிய எருசலேம் ஆலயம், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடந்தே பார்க்கிற தூரம். இங்கே ஓசோன் காற்று வீசுகிறது என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் சொல்லி ஆள் பிடிப்பதில்லை. கோட்டையே போதும்.

கோயில் சிற்பம் பிடிக்குமென்றால் தாராசுரத்தோடு நிறுத்தாமல் புள்ளமங்கைக்குப் போங்கள், பசுபதிகோயில் பக்கத்தில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு இராமாயணக் காட்சிகள் செதுக்கியிருப்பார்கள், குனிந்து பார்த்தால்தான் தெரியும். சின்னக் கோயில் என்பதால் குருக்கள் வருகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மதியம் நடை சாத்தினால் நாலு மணி வரை வெளியேதான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்களுக்குக் கல்லணையும் நுரைத்து ஓடும் வாய்க்கால்களும் கண்ணுக்குத் தெரியும், ஆபத்து தெரியாது. மேட்டூர் நிரம்பினால் உபரியை முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள், வெள்ளம் வடிய வைக்கிற ஆறு அதுதான். காலையில் கணுக்கால் அளவு ஓடிய இடம் மாலையில் அப்படி இருக்காது. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியவே தெரியாது. நீச்சல் தெரிந்தவனும் அங்கே சுழலில் சிக்குவான். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை கொடுத்திருந்தால் அந்த வாரத்துக்கு ஆற்றை மறந்துவிடுங்கள். எந்த ஆற்றிலும் உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையைத் தவிர வேறு இடத்தில் இறங்காதீர்கள். என்னோடு வருகிற குழுக்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. பூம்புகார்க் கடலுக்கும் இதே விதிதான்: கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது.

பெண் பிள்ளைகள் குழுவாக வருகிறவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள், கழிப்பறை. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கோடியக்கரை, முத்துப்பேட்டை வழியில் இடைவெளி அதிகம், அதனால் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போய் இறங்கின உடனே நடத்துனரிடமே கேட்டு வையுங்கள். ரயிலில் வர நினைப்பவர்களுக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை அகலப் பாதை இருக்கிறது, வண்டி குறைவு. கிளம்புகிற நாளில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.