ரம்பப்பல் டேப் ஒட்டிய இறக்கை

ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் ஏதோ ஒரு வார இறுதியில் எடுத்த வீடியோவை அனுப்பி, வாசகர் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். எஞ்சினே இல்லாத இந்த ரிமோட் கிளைடர்கள் எப்படி அவ்வளவு நேரம் மேலேயே நிற்கின்றன? நிஜ கிளைடரை அப்படியே நாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தால் நிஜம் மாதிரியே பறக்குமா?

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மலைச்சரிவில் வந்து மோதும் காற்று மேலே ஏறித்தான் ஆக வேண்டும். கிளைடர் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அது இறங்குவதைவிடக் காற்று வேகமாக ஏறினால், கீழே நிற்பவர் கண்ணுக்குக் கிளைடர் உயரே போகிறது. ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இதற்கு அவ்வளவு காற்றெல்லாம் தேவையில்லை, நல்ல சரிவும் மிதமான காற்றும் போதும். 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பேயில் இரண்டும் உண்டு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானங்கள் செய்ய வெர்சாய் ஒப்பந்தம் கடுமையான தடை போட்டது. எஞ்சின் இல்லாமல் பறந்தால் யார் கேட்பார்கள் என்று ஆஸ்கர் உர்சினுஸ் 1920ல் இந்த மலையில் கிளைடர் போட்டி தொடங்கினார். 1922லேயே ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேலே நின்று காட்டினார். மாடல்காரர்களும் இன்றுவரை அதே சரிவில் இறக்கைகளோடு வந்து நிற்கிறார்கள். நிஜ விமானத்தை அதே விகிதத்தில் அச்சாகச் சுருக்கிச் செய்யும் ஸ்கேல் ஆட்கள் தனி ரகம், காக்பிட் மீட்டர்கள், சீட் பெல்ட், தலையைத் திருப்பும் பைலட் பொம்மை என்று ஒன்றையும் விடமாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பறக்கும், ஆனால் நிஜம் மாதிரி இல்லை.

ருடால்ஃப் கைசர் வடிவமைத்து 1957ல் முதலில் பறந்த கா-8 கிளைடரை எடுத்துக்கொள்வோம். மரம், எஃகுக் குழாய், துணி, இவ்வளவுதான். அதைத் தயாரித்த ஷ்லைஷர் நிறுவனம் இருப்பதும் இதே மலையடிவாரத்தில்தான். இறக்கை முனைக்கு முனை 15 மீட்டர், அதிகபட்ச எடை 310 கிலோ. நாலில் ஒரு பங்காக்கினால் இறக்கை 3.75 மீட்டர் ஆகிறது. பரப்பு 16ல் ஒரு பங்கு. எடையோ 64ல் ஒரு பங்கு, அதாவது ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் தூக்க வேண்டிய சுமை கால்வாசிதான். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், அதனால் மாடல் பாதி வேகத்தில் பறந்தாலே போதும். ஆனால் நீளம் கால்வாசி ஆகிவிட்டதே, பாதி வேகத்தில் போனாலும் தன் உடல் நீளத்தை நிஜம் எடுக்கும் நேரத்தில் பாதியிலேயே கடந்துவிடும். ஸ்கேல் மாடல்கள் எப்போதும் ஏதோ அவசரத்தில் இருப்பதுபோல் தெரிவது இதனால்தான். அந்த வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், அசல் கா-8 வந்துவிடும்.

சரி, இதுவரை எல்லாம் கணக்குப்படி ஒழுங்காகச் சுருங்கியது. சுருங்காதது காற்று. காற்றுக்கும் கொஞ்சம் பிசுபிசுப்பு உண்டு, மாடல் சின்னது என்பதற்காக அது குறையப்போவதில்லை. 1883ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் குழாய்த் தண்ணீரில் சாயம் விட்டுக் கண்டுபிடித்த விஷயம் இங்கே வந்து நிற்கிறது: ஓட்டத்தின் குணத்தைத் தீர்மானிப்பது அளவையும் வேகத்தையும் பெருக்கி, பிசுபிசுப்பால் வகுத்து வரும் எண். கா-8 மெதுவாகப் பறக்கும்போது அதன் இறக்கைக்கு இந்த ரெனால்ட்ஸ் எண் சுமார் 12 லட்சம். மாடலில் அளவு கால்வாசி, வேகம் பாதி, எனவே எட்டில் ஒன்று: ஒன்றரை லட்சம். இறக்கை நுனி பக்கம் ஒரு லட்சத்துக்கும் கீழே.

இந்த எண் அப்படிக் குறைந்தால் என்ன ஆகும்? இறக்கையின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஓடுகிறது, 1904ல் லுட்விக் பிராண்டல் விளக்கிய எல்லைப் படலம். தோலைத் தொடும் காற்று நின்றேவிடுகிறது, மேலே போகப் போக வேகம் கூடுகிறது. இறக்கையின் மேல்பக்கத்தில் முன்பாதியில் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் படலத்துக்குச் சிரமமில்லை. பின்பாதியில் அழுத்தம் ஏற ஆரம்பிக்கிறது, படலம் மேட்டில் ஏறியாக வேண்டும். சின்ன இறக்கையில் இந்தப் படலம் அடுக்கடுக்காக, அமைதியாக வழுக்கிக்கொண்டு ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை, மேலே ஓடும் வேகமான காற்று தோலருகே தள்ளாடும் காற்றுக்குக் கைகொடுப்பதில்லை. கொஞ்ச தூரத்தில் அடிக்காற்று சோர்ந்து, நின்று, பின்னோக்கியும் திரும்பி, படலமே இறக்கையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அடியில் செத்த காற்றின் குமிழி ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. கிளம்பிய படலம் அந்தரத்தில் கொந்தளித்துப் போய் மறுபடி இறக்கையில் வந்து ஒட்டினால் தப்பித்தோம், ஒட்டாவிட்டால் இழுவை ஏறி, தூக்குவிசை கவிழ்ந்துவிடும். நிஜ கா-8ல் படலம் பெரும்பாலும் தானாகவே கொந்தளித்துவிடுகிறது.

மாடல்காரர்கள் செய்யும் வைத்தியம்தான் எனக்கு அலுக்கவே அலுக்காதது. குமிழி உருவாகும் இடத்துக்குச் சற்று முன்னால், இறக்கை நெடுக ரம்பப்பல் மாதிரி வெட்டிய மெல்லிய டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். கனம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பளபளவென்று தேய்த்து வைத்த இறக்கையில் வேண்டுமென்றே ஒரு சொரசொரப்பு! படலம் அந்தப் பற்களில் இடறி, குட்டிக் குட்டிச் சுழல்களாக உடைந்து, மேல்காற்றைக் கீழே வாரிக்கொண்டு வருகிறது, அந்தத் தெம்பில் படலம் மேடேறிவிடுகிறது. புதுப் பந்து ஸ்விங் ஆகும்போது நடப்பதும் இதுவேதான், தையல் இருக்கும் பக்கம் காற்று இடறிக் கொந்தளிப்பதால் பந்தை விடாமல் கூடுதல் தூரம் ஒட்டி வருகிறது, பந்து அந்தப் பக்கமே திரும்புகிறது.

இலவசம் இல்லை. கொந்தளித்த படலத்துக்கு உராய்வு அதிகம். குமிழியால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிதாக இருக்கும்வரைதான் டேப்பால் லாபம், வேகமாகப் பாய்கிற நேரத்தில் அதே டேப் சும்மா சுமைதான். அதனால் பலர் வெளியே தெரியாத ஒரு திருட்டு வேலையும் செய்கிறார்கள்: மேலிருந்து பார்த்தால் இறக்கை அச்சு அசல் கா-8, குறுக்குவெட்டு மட்டும் வேறு, மாடலின் வேகத்துக்கென்றே வரைந்த மெல்லியது. துணியின் தையல்வரை சரிபார்க்கும் ஆட்கள் இதை மட்டும் கண்டுகொள்ளமாட்டார்கள், அது சரியும்கூட.

இந்தக் குறுக்குவெட்டுகளைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்து அளக்க வேண்டுமே, யார் செய்வார்கள்? அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் செலிக் செய்தார். செலவுக்கு மாடல் கிளைடர்காரர்கள் நன்கொடை போட்டார்கள், சோதிக்க வேண்டிய இறக்கைத் துண்டுகளையும் பலர் வீட்டிலேயே செய்து கொடுத்தார்கள். விளையாட்டாகச் சேர்ந்த அந்த அளவீடுகள் பின்னாளில் ஆளில்லா விமானங்களுக்கும் சின்னக் காற்றாலைகளுக்கும் பயன்பட்டன, ஏனென்றால் அவையும் இதே ரெனால்ட்ஸ் எண்களில்தான் இயங்குகின்றன. நம்மூரில் ஒரு மாணவர் இதற்கு நிதி கேட்டால் "பொம்மை விமானத்துக்கா?" என்று திருப்பி அனுப்பிவிடுவோம், அப்புறம் டிரோன் மட்டும் உள்நாட்டிலேயே தயாராக வேண்டும் என்போம்.

டேப்பை எங்கே ஒட்டுவது? நிஜ கிளைடரில் மெல்லிய குழாயை இறக்கைமேல் வைத்து ஸ்டெதாஸ்கோப் மாதிரி கேட்டே கண்டுபிடிப்பதுண்டு, அமைதியான படலம் ஓடும் இடத்தில் சத்தம் குறைவு, கொந்தளிப்பில் இரைச்சல். மாடலில் அதற்கு வழியில்லை. ரெனால்ட்ஸ் எண் மிகக் குறைவாக இருக்கும் வெளிப்பாதியில் முதலில் ஒட்டுங்கள், இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி மெதுவாகப் பறந்தால் ஒட்டாத இறக்கை முந்திக்கொண்டு விழும்.